செர்ரிக் கொட்டைப் பையும் நான்கு டிகிரி விதியும்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் இந்த வருஷம் எங்கள் ஏரி உறையாமல் போகட்டும். என் மாடுகளின் மடி வற்றிப்போகட்டும். எனக்கு மாடு கிடையாது என்பது வேறு விஷயம், சத்தியம் சத்தியம்தான். முரெட்டா கிராமமே கம்பளித் தொப்பியோடு நின்று பார்த்த சம்பவம் இது. அன்று எவ்வளவு குளிர் என்றால், விடியற்காலையில் ஆட்டைக் கறந்தவர்களுக்குப் பால் குச்சி குச்சியாக வந்தது. அதை முறித்து முறித்துத்தான் வாளியில் போட்டார்கள்.

பிளுரினுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு வருஷம் எங்கள் பள்ளத்தாக்கில் மஞ்சள் தபால் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேருந்தில் இருந்தவரை மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாத மனுஷன். அவரைப் பார்த்து நத்தைகள் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்ததாகக் கேள்வி. ஆனால் அதே ஆள் ஸ்கெலிட்டன் சறுக்கு வண்டியில் குப்புறப் படுத்தால் நூறைத் தாண்டிவிடுவார்.

அந்த வண்டி என்பது பெரிய விஷயமில்லை. ஒரு தாம்பாளம், அதற்கு அடியில் இரண்டு எஃகுக் கம்பிகள், அவ்வளவுதான். பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. தலை முன்னால், கால் பின்னால். மூக்குக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே நான்கு விரற்கடை. தோளை அழுத்தினால் திரும்பும், முழங்காலை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். எலும்புக்கூடு என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் வண்டியைப் பார்த்து வைத்தார்களா, கீழே போய்ச் சேர்ந்த ஆளைப் பார்த்து வைத்தார்களா என்பது இன்று வரை தீராத வழக்கு.

பிளுரினுக்கு வண்டியைவிட அதன் வரலாறுதான் உயிர். இரவுச் சாப்பாட்டில் அவர் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு" என்று வாயைத் திறந்தால், எதிரே இருக்கும் பார்லி சூப் தானாகவே ஆறிவிடும். அவர் மனைவி நேசா முப்பத்துநாலு வருஷமாக ஆறிய சூப்தான் குடிக்கிறாள்.

"இருபத்தெட்டுல இந்த வண்டிக்கு மொத ஒலிம்பிக். எங்க? இங்க, பக்கத்துல, செயிண்ட் மோரிட்ஸ்ல. மொத்தமே பத்துப் பேர். மொத ரெண்டு இடமும் அமெரிக்காக்காரங்க, அண்ணன் தம்பி."

"தெரியும்ங்க."

"அப்புறம் இருபது வருஷம் போட்டியே இல்ல. நாப்பத்தெட்டுல மறுபடி நடத்தினாங்க. எங்க?"

"செயிண்ட் மோரிட்ஸ்ல."

"செயிண்ட் மோரிட்ஸ்ல! இருபத்தெட்டுல ரெண்டாவதா வந்தவன் இருபது வருஷம் கழிச்சு வந்து மறுபடி ரெண்டாவதா வந்தான் பாரு, அவன் மனுஷன். ஜெயிச்சது யாரு? இங்கயே காய்கனி வித்துக்கிட்டிருந்த இத்தாலிக்காரர். காலையில ஆப்பிள் எடை போட்டவர், மத்தியானம் தங்கப் பதக்கம்."

"சூப்பைக் குடிங்க."

"அதோட ஒலிம்பிக்ல அம்பத்துநாலு வருஷம் இருட்டு. ரெண்டாயிரத்து ரெண்டுல திரும்ப வந்துச்சு. எங்க?"

"அமெரிக்காவுல. பொம்பளைங்களுக்கும் சேர்த்து."

இந்தக் கடைசி வரியைப் பிளுரின் எப்போதும் சொல்ல மறந்துவிடுவார். நேசாதான் ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுப்பாள்.

"ஆரம்பத்துல இங்க பொம்பளைங்களும் ஓட்டினாங்கல்ல? அப்புறம் ஏன் இருபத்தொன்பதுல தடை போட்டாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உடம்புக்கு ஆகாதுன்னு."

"யாரு உடம்புக்கு?"

பிளுரின் சூப்பைக் குடித்தார்.

நேசா சும்மா கேட்கவில்லை. எங்கள் கிராமத்துச் சறுக்குப் பாதை சிமென்டில் கட்டியதல்ல. ஒவ்வொரு நவம்பரிலும் பனியையும் ஏரித் தண்ணீரையும் மாவு மாதிரி பிசைந்து, கையாலேயே பூசிப் பூசி எழுப்புவது. மார்ச்சில் வெயில் வந்து அதைக் குடித்துவிட்டுப் போகும். மறு நவம்பரில் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பூச்சு வேலைக்குத் தலைவி நேசா. இருபத்தாறு குளிர்காலம். ஒன்பது வளைவுகளும் அவள் உள்ளங்கையில் உருவானவை. சுவரில் கையை வைத்தாலே அடியில் எங்கே காற்றுக் குமிழி இருக்கிறதென்று சொல்லிவிடுவாள். ஏழாவதுக்கு 'மாமியார் வளைவு' என்று பெயர். வருகிறவர்களில் பாதிப் பேரைத் தூக்கி வெளியே வைக்கோலில் போட்டுவிடும். அந்த மாமியாரையும் வருஷா வருஷம் வளர்த்து விடுவது நேசாதான். ஆனால் அதில் ஒருமுறை சறுக்கிப் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. கிளப் விதி அப்படி.

இந்தச் சம்பவத்துக்கு முந்தின குளிர்காலம் தொடங்கும்போது கிளப்பில் ரகசிய ஓட்டெடுப்பு வைத்தார்கள். பெண்களும் ஓட்டலாம் என்பதற்கு இருபத்திரண்டு ஓட்டு, எதிராக ஒன்று.

பிளுரின் வீட்டுக்கு வந்து மேஜையைத் தட்டினார். "ஒரே ஒருத்தன் எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கான், நேசா. எவன்னு தெரிஞ்சா சும்மா விடமாட்டேன்."

"விடுங்க. பாவம், அவருக்கு வீட்டுல என்ன கஷ்டமோ" என்றாள் நேசா.

மறுநாளே வண்டிக்கு ஆர்டர் கொடுத்தாள். பிளுரினுடையதைப் போலவே, அதே பட்டறை, அதே அளவு. அவருக்கு நீல உறை, அவளுக்குச் சிவப்பு உறை. வித்தியாசம் அது ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு: படுக்கும் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் அவரவர் பெயர்.

பதினான்கு மாதத்தில் ஐம்பத்தெட்டு வயதுக்காரி அம்பு மாதிரி இறங்க ஆரம்பித்தாள். பயிற்சியில் பிளுரினுக்கு ஐம்பத்தொன்று புள்ளி மூன்று வினாடி. நேசாவுக்கு ஐம்பது புள்ளி ஒன்பது.

"கடிகாரம் குளிர்ல உறைஞ்சிருக்கும்" என்றார் பிளுரின்.

"எனக்கு மட்டும் உறையுதுங்க" என்றாள் நேசா.

இது வெறும் வீட்டுக் கௌரவமாக இருந்திருந்தால் அவர் எப்படியோ விழுங்கியிருப்பார். ஆனால் அந்த வருஷம் கடிதம் ஒன்று வந்தது. அமெரிக்காவில் லேக் பிளாசிட் என்ற ஊரில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உலகப் போட்டி. ஒரு கிளப்புக்கு ஒரே ஓர் இடம், அதற்குக் கிளப்புக்குள்ளேயே ஒரு தேர்வுப் போட்டி.

பிளுரின் அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறையும், கழற்றிவிட்டு ஒருமுறையும் படித்தார். உலகப் போட்டிகளின் வரலாற்றைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த மனுஷன், பள்ளத்தாக்கைத் தாண்டி ஒரு போட்டிக்கும் போனதில்லை. மூன்று முறை தேர்வானார். முதல் முறை கால் ஒடிந்தது. இரண்டாம் முறை மகன் பிறந்தான். மூன்றாம் முறை கணவாயில் பனி சரிந்து பேருந்து நின்றுவிட்டது, ஓட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான். இது நாலாவது. ஐந்தாவதுக்கு உடம்பு இடம் கொடுக்காது. கிளப்பில் இன்னும் குப்புறப் படுக்கத் தெம்பிருந்த கிழங்கள் மூணே பேர். அதில் பாலாடைக்கட்டி செய்கிற துமெங், கிளப் தலைவர், படுத்தால் எழுப்பி விடவே இரண்டு ஆள் வேண்டும். ஆக வழியில் நின்றது ஒரே ஆள்தான். அந்த ஆள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தட்டகல வால்நட் பணியாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

நேசாவை ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது. அப்படியென்றால் நேசா ஓடாமல் இருக்க வேண்டும். பிளுரின் முடிவு செய்துவிட்டார்.

வழியும் கையிலேயே இருந்தது. பத்தொன்பது வருஷமாகக் கிளப்பின் வெப்பமானிக்காரர் அவர்தான். இந்த விளையாட்டில் கம்பியைச் சூடாக்குவதுதான் மகா பாதகம். சூட்டுக் கம்பி பனியை உருக்கிக்கொண்டு வழுக்கிப் பறக்கும். அதனால் போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓர் அளவுக் கம்பியை நிழலில் தொங்கவிடுவார்கள். அதைவிட நாலு டிகிரிக்கு மேல் எந்த வண்டியின் கம்பி சூடாக இருந்தாலும், அந்த வண்டி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எதிர்வாதம், அப்பீல் எதுவும் கிடையாது.

நேசாவின் கம்பி சூடாக இருந்துவிட்டால் போதும்.

போட்டியன்று காலை ஆறு மணிக்கு, நேசா முகம் கழுவப் போன நேரத்தில், பிளுரின் செர்ரிக் கொட்டைப் பையை அடுப்பில் வைத்தார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற பைதான். காய்ந்த செர்ரிக் கொட்டைகளைத் துணியில் தைத்து, சூடாக்கி, படுக்கையில் கால்மாட்டில் போட்டுக்கொள்வோம். மணிக்கணக்காகச் சூடு நிற்கும். பை நன்றாகச் சூடேறியதும் விறகுக் கொட்டகைக்கு ஓடினார். சிவப்பு உறையைத் திறந்து, கம்பிகளுக்கு மேல் பையை நீளமாகப் போர்த்தி, மறுபடி மூடினார். முப்பத்துநாலு வருஷத்தில் அவர் யாருக்கும் இவ்வளவு பரிவாகப் போர்த்திவிட்டதில்லை.

காபி குடிக்கும்போது சொன்னார்: "இன்னைக்கு உன் வண்டியையும் நானே தூக்கிட்டு வர்றேன்."

நேசா ரொட்டி வெட்டுவதை நிறுத்தினாள். "எதை?"

"உன் வண்டியை. மேல வரைக்கும். உனக்குத் தோள் வலிக்குமே."

"முப்பத்துநாலு வருஷத்துல நீங்க தூக்கினது கோப்பையை மட்டும்தாங்க. அதையும் காலி பண்ணிட்டு மேஜையிலயே வச்சிடுவீங்க."

"இன்னைக்குப் போட்டியாச்சே. பெருந்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு, இருக்கு" என்றாள் நேசா. அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "வெண்ணெயைத் தடவிக்கிட்டு இருங்க. நான் ரெண்டு விறகு எடுத்துட்டு வந்துடறேன்."

விறகு எடுக்கப் போனவள் வரக் கொஞ்சம் நேரமானது. பிளுரின் மூன்று ரொட்டித் துண்டு முடித்திருந்தார்.

மலை உச்சியில் பாதை தொடங்குமிடத்தில் ஊரே கூடியிருந்தது. இன்ஸ்புரூக்கிலிருந்து நடுவராக வந்திருந்த வால்ட்ராவுட் அம்மாள், சிரிப்பை ஊரிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தவள் போல் நின்றாள். பிளுரின் இரண்டு வண்டிகளையும் இறக்கும் சாக்கில், சிவப்பு உறைக்குள் கையை விட்டு, பையை உருவித் தன் சட்டைக்குள் வயிற்றோடு செருகிக்கொண்டார். இதமாகத்தான் இருந்தது.

நேசா சிவப்பு உறையைத் தானே அவிழ்த்து, வண்டியைச் சோதனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். கம்பிகள் மேலே. "பாருங்க" என்றாள்.

பிளுரின் வண்டியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். பேருந்தின் கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"அளவுக் கம்பி மைனஸ் ஒன்பது. ஆக, மைனஸ் அஞ்சு வரைக்கும் அனுமதி." வெப்பமானியைக் கம்பியில் ஒட்டினார். எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே இருந்தன. "இந்த வண்டி, ப்ளஸ் பதினாலு."

கூட்டம் ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

"இது என் பெண்டாட்டி. முப்பத்துநாலு வருஷம் இவ கையால சாப்பிட்டிருக்கேன். ஆனா விதின்னு வந்துட்டா எனக்குப் பெண்டாட்டியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. இருபத்தெட்டுல இருந்து இந்த விளையாட்டை நேர்மையா ஓட்டினவங்க எத்தனை பேர். ஜெயிச்ச காய்கனிக்காரர் கம்பியைச் சுட வச்சாரா? ரெண்டு தடவை ரெண்டாவது வந்தானே, அவன் சுட வச்சிருந்தா மொதலா வந்திருக்க மாட்டானா? அவங்க மேல சத்தியமா, இந்த வண்டிக்குத் தகுதி நீக்கம்."

துமெங்குக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களாய்யா, கட்டினவளுக்கே சலுகை காட்டல" என்று கையைத் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கையுறை போட்ட கைகள் என்பதால் ஆட்டுக்கூட்டம் பனியில் நடப்பது போல் கேட்டது.

வால்ட்ராவுட் அம்மாள் பேனாவை எடுத்தாள். பதிவேட்டில் பெயர் எழுத வண்டியை நிமிர்த்தினாள். பித்தளைத் தகட்டைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"பிளுரின்னு போட்டிருக்கே, ஐயா. இது உங்க வண்டி."

பிளுரின் குனிந்து பார்த்தார். தகட்டில் அவர் பெயர்தான். தகட்டுக்குப் பக்கத்தில், போன ஜனவரியில் மாமியார் வளைவில் வாங்கிய கீறலும் அவருடையதுதான்.

"உறை... உறை மாறிடுச்சும்மா. இது அவ உறை."

"உறைக்குத் தகுதி நீக்கம் கிடையாது. வண்டிக்குத்தான்."

"இல்லம்மா, இது குளிர்ந்துதான் இருந்திருக்கணும். சூடா இருக்க வேண்டியது அந்த..." பிளுரின் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எந்த?" என்றாள் வால்ட்ராவுட் அம்மாள்.

பிளுரினின் சட்டைக் காலரிலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது.

"கம்பியை வேணும்னு சுட வச்சா ஆயுள் தடை" என்றாள் வால்ட்ராவுட் அம்மாள். "அதனால கேக்கறேன். வண்டி எப்படிச் சூடாச்சு?"

லேக் பிளாசிட் போனது போகட்டும். பத்தொன்பது வருஷ வெப்பமானி, முப்பத்தெட்டு வருஷப் பேருந்து, ஊரில் உள்ள மரியாதை, எல்லாம் அந்த மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. அப்போது நேசா தொண்டையைக் கனைத்தாள்.

"சொல்லவே வெக்கமா இருக்கும்மா. இவருக்கு அந்த வண்டி மேல அவ்வளவு ஆசை. குளிர்ல அதுக்குக் கஷ்டமா இருக்கும்னு படுக்கையில வச்சுக் கட்டிப்பிடிச்சுத்தான் தூங்குவார். ராத்திரி பூரா அதுகிட்ட இருபத்தெட்டு, நாப்பத்தெட்டுன்னு கதை சொல்லுவார். எனக்குத்தான் இடம் பத்தாது."

இருநூறு பேர் பிளுரினைப் பார்த்தார்கள்.

"அப்படியா, ஐயா?"

ஒரு பக்கம் ஆயுள் தடை. மறு பக்கம் ஆயுளுக்கும் சிரிப்பு. பிளுரின் நேசாவைப் பார்த்தார். அவள் தலையைச் சாய்த்து, உறையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றார் பிளுரின். "அதுக்குச் சளி பிடிக்கும்."

அந்தச் சிரிப்பில் மேல் மலைச்சரிவிலிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்தது. வால்ட்ராவுட் அம்மாள்கூடப் பூட்டைத் திறந்துவிட்டாள் என்று சொல்கிறார்கள். வண்டிக்கு மட்டும் தகுதி நீக்கம், ஆளுக்கு எச்சரிக்கை. நீல உறையிலிருந்த நேசாவின் வண்டி மைனஸ் ஒன்பது, அளவுக் கம்பிக்குக் கூடப்பிறந்தது மாதிரி.

பிளுரின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாதையோரமாகவே இறங்கினார். எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தவர், மாமியார் வளைவின் அருகில் வந்து நின்றார். மேலே மணி அடித்தது.

முதலில் சத்தம்தான் வந்தது, யாரோ நீளமான துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல். பிறகு அவள் வந்தாள். தலை அசையவில்லை. தோள் ஏறியதும் இறங்கியதும் தெரியவில்லை. மற்றவர்கள் அந்த வளைவுக்குள் சண்டைக்குப் போவது போல் நுழைவார்கள், அவர் உட்பட. நேசா அதற்கு முன்னாலேயே, எட்டடி தள்ளி, சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டில் லேசாகச் சாய்ந்தாள். மீதியைச் சுவரே பார்த்துக்கொண்டது. கையில் ஏந்திக் கொண்டுபோய் எட்டாவது வளைவில் இறக்கிவிட்டது. அந்த மேட்டை நவம்பரில் அவள் முழங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "சீக்கிரம் வா, பசிக்குது" என்று அவர் கத்தியது நினைவுக்கு வந்தது. முப்பது வருஷமாக அந்த வளைவோடு மல்லுக்கு நின்றவர், அதில் வழி இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தார்.

"போ, நேசா, போ" என்று அவர் வாய் தன்னாலேயே சொன்னது. சட்டைக்குள்ளிருந்து செர்ரிக் கொட்டைப் பை நழுவிப் பனியில் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

ஐம்பது புள்ளி இரண்டு. அடுத்துச் சறுக்கிய துமெங் கீழே வந்து சேர்ந்தபோது, அவருக்காக வைத்திருந்த சூப் ஆறியிருந்தது.

கீழே வந்த பிளுரின் மனைவியின் தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டார்.

"எப்படி ஓட்டினேன்?" என்றாள் நேசா.

"மாமியார் வளைவுல எப்படி அவ்வளவு சாது மாதிரி போன?"

"உங்கம்மாவோட பதினோரு வருஷம் இருந்தேனே."

அவர் பனியைக் காலால் கீறினார். "ஏன் என்னைக் காப்பாத்தின?"

"லேக் பிளாசிட்ல வண்டி தூக்க ஒரு துணையாள் கூட்டிட்டு வரலாமாம். ஆயுள் தடை வாங்கினவரை உள்ள விடமாட்டாங்க. நீங்கதான் பெருந்தன்மையா தூக்கறேன்னு சொன்னீங்களே."

மறு பிப்ரவரியில் போனார்கள். அவர் வண்டியைத் தூக்கினார். உறையைக் கழற்றினார், மாட்டினார், கம்பியைத் துடைத்தார், அதைக் குளிரிலேயே வைத்திருந்தார். பதினேழு நாட்டுக் கிழங்கள் கூடிய இடத்தில் முரெட்டா கிராமத்து நேசா ஏழாவதாக வந்தாள். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து கடல் தாண்டிப் போய் வந்தவர்களில் அதுவரை யாரும் பத்துக்குள் வந்ததில்லை. அவள் கடைசி வளைவைக் கடந்தபோது அங்கே ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தொப்பியில் எங்கள் தபால் பேருந்தின் சின்னம் இருந்தது.

பரிசளிப்பு முடிந்ததும் உள்ளூர்ப் பத்திரிகைக்கார இளம்பெண் ஒருத்தி நேராகப் பிளுரினிடம் வந்தாள். உலகப் போட்டி, அயல்நாடு, பத்திரிகை. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி வரப்போகிறது. அது வரும்வரை பொறுக்க முடியாமல் அவரே ஆரம்பித்துவிட்டார். இருபத்தெட்டில் தொடங்கி, நாற்பத்தெட்டில் நின்று, ஐம்பத்துநான்கு வருஷ இருட்டைத் தாண்டி, ரெண்டாயிரத்து ரெண்டுக்கு வந்து, வாழ்க்கையிலேயே முதல் முறையாக "பொம்பளைங்களுக்கும் சேர்த்து" என்பதையும் தானே சொல்லி முடித்தார்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரொம்ப நல்லது, ஐயா. கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? உங்க பின்னாடி நிக்கற அம்மாவைப் படம் எடுக்கணும்."

நடந்தது இவ்வளவுதான். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் இருமிச் சமாளியுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில் எனக்கு ஒரு துண்டு வால்நட் பணியாரம் வருகிறது. வெட்டுகிறவள் நேசா, கொண்டுவந்து வைக்கிறவர் பிளுரின்.